ஹைட்டியின் கதையை 1915-இல் தொடங்காதீர்கள்

1915 ஜூலை 28 அன்று, கடலிலிருந்து இறங்கிப் போரிடும் அமெரிக்க மரைன் படை, கரீபியன் நாடான ஹைட்டியில் இறங்கியது. 160-க்கும் மேற்பட்ட அரசியல் கைதிகள் சிறையில் கொல்லப்பட்டிருந்தார்கள். கொதித்துப்போன மக்கள், அதிபர் கியோம் சாமை அவர் ஒளிந்திருந்த பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து இழுத்து வந்து கொன்றார்கள். அன்றைக்கே படையும் வந்துவிட்டது. கதையை இங்கே தொடங்கினால், கலவரத்தை அடக்க வந்த காவல்காரனாகத்தான் அமெரிக்கா தெரியும். அண்டை நாடுகளில் அமெரிக்கா தலையிட்ட வரலாற்றைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான்.

ஏழு மாதம் பின்னால் போங்கள். 1914 டிசம்பரில் மச்சியாஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து இறங்கிய மரைன் வீரர்கள், ஹைட்டியின் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்துக் கப்பலேற்றினார்கள். அது நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. ஹைட்டியின் அந்த தேசிய வங்கியில் நேஷனல் சிட்டிக்கும் பங்கு இருந்தது. அப்போது அதிபர் யாரும் தெருவில் கொல்லப்பட்டிருக்கவில்லை. அதனால், எந்தத் தலையீட்டைப் படித்தாலும் துப்பாக்கியைப் பார்க்கும் முன் பணத்தை, குறிப்பாகத் துறைமுகத்தில் சுங்கவரி வசூலிப்பது யார் என்பதைப் பாருங்கள். பக்கத்திலிருந்த டொமினிக்கன் குடியரசில் 1905 முதலே சுங்க வசூல் அமெரிக்கர் கையில் இருந்தது. வசூலில் 55 சதவீதம் கடன்காரர்களுக்கு, மீதி 45 அந்த நாட்டு அரசுக்கு!

எல்லாவற்றையும் அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தலையில் கட்டுவதும் சரியல்ல. 'மென்மையாகப் பேசு, கையில் பெரிய தடி வைத்திரு' என்ற பேச்சு அவருடையது; அண்டை நாடுகளில் தலையிடும் உரிமை தமக்கு உண்டு என்று 1904-இல் அறிவித்தவரும் அவரே. ஆனால் மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுகம் (1914), ஹைட்டி (1915), டொமினிக்கன் குடியரசு (1916) மூன்றிலும் படை இறக்கியவர் ஜனநாயகம் பற்றி நிறையப் பேசிய பிந்தைய அதிபர் உட்ரோ வில்சன்.

அப்புறம், எல்லா நாடுகளையும் 'ஆக்கிரமிப்பு' என்று ஒரே பெட்டியில் போடாதீர்கள். டொமினிக்கன் குடியரசை அமெரிக்கக் கடற்படை அதிகாரிகளே நேரடியாக ஆண்டார்கள். ஹைட்டியில் அதிபர் இருந்தார், ஒப்பந்தம் இருந்தது, காகிதத்தில் சுதந்திரமும் இருந்தது. புதிய அரசியல் சாசனத்தை ஏற்க மறுத்த சட்டமன்றம் 1917-இல் கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த சாசனம், வெளிநாட்டார் நிலம் வாங்க வழி திறந்துவிட்டது. அடிமைத்தளையை உடைத்துப் பிறந்த அந்த நாடு, வெள்ளையருக்கு நிலம் இல்லை என்று தொடக்கத்திலேயே விதித்து, அதைக் கண்போலக் காத்து வந்திருந்தது. அந்தத் தடைதான் இப்போது போனது.

"சாலை போட்டார்களே, மருத்துவமனை கட்டினார்களே" என்பார்கள். கட்டினார்கள்தான். ஆனால் அந்தச் சாலைகளைப் போட்டது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கோர்வே என்ற பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, விவசாயிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். கயிற்றால் பிணைத்துக் கொண்டுபோனதும் உண்டு. அந்தக் கோபத்தில் வளர்ந்ததுதான் ககோ என்ற கிளர்ச்சி. அதன் தலைவர் ஷார்ல்மாஞ் பெரால்ட்டை 1919-இல் சுட்டுக் கொன்று, உடலைக் கதவில் கட்டிப் படம் எடுத்துப் பரப்பினார்கள். மக்களோ அந்தப் படத்தில் சிலுவையில் அறையப்பட்ட ஏசுவைக் கண்டார்கள். அமெரிக்காவுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1920-இல் ஹைட்டிக்கே போய் விசாரித்து, கண்டதை எழுதினார். எதிர்த்தவர்களை விட்டுவிட்டு எழுதும் வரலாறு, ஆண்டவர்களின் கோப்பாகவே நின்றுவிடும்.

படை வெளியேறிய தேதியோடு முடிப்பதும் தவறு. ஹைட்டியிலிருந்து மரைன்கள் 1934-இல் கிளம்பினார்கள். நிதிக் கட்டுப்பாடு 1947 வரை நீடித்தது. டொமினிக்கன் குடியரசில் மரைன்கள் உருவாக்கிய காவல் படையில் வளர்ந்த ட்ருஹியோ 1930-இல் ஆட்சியைப் பிடித்து, 1961-இல் சுடப்பட்டுச் சாகும்வரை நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்தார். நிகராகுவாவில் அதேபோல உருவான தேசியக் காவல் படை, சர்வாதிகாரி சொமோசாவின் கையில் இருந்தது. அவர் குடும்பத்தின் ஆட்சி விழ 1979 ஆனது.