மீனுக்கு மினுமினுப்பு வர: மனேயின் 1864 ஓவியத்தைப் பார்த்து வரையும் முறை

பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே 1864-இல் வரைந்த ‘மீன்கள்’ ஓவியத்தைப் பார்த்து மூன்று முறை ஆயில் பெயின்ட்டில் வரைந்தேன். முதல் இரண்டிலும் கெண்டை மீன் சாம்பல் பூசியதுபோல மங்கிக் கிடந்தது. மூன்றாவதில்தான் பிடிபட்டது.

மூல ஓவியம் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. அவர்கள் தளத்திலேயே பெரிய படத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மூலம் ஏறத்தாழ 73 செ.மீ. உயரம், 92 செ.மீ. அகலம்; 16×20 அங்குல கேன்வாஸ் அந்த விகிதத்துக்குச் சரியாக வரும்.

வண்ணங்கள்: டைட்டானியம் ஒயிட், ஐவரி பிளாக், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ஒரு சிவப்பு, எலுமிச்சைக்கு லெமன் யெல்லோ. சில்வர் டியூப் வாங்கவே வாங்காதீர்கள்.

1. பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் கரைத்து கேன்வாஸ் முழுவதும் மெல்லப் பூசிக் காயவிடுங்கள்.

2. கெண்டை, செப்புப் பாத்திரம், சிவப்பு மீன், விலாங்கு, சிப்பி, கத்தி எல்லாம் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று கோடு மட்டும் போடுங்கள்.

3. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். மேசை விரிப்பு வெள்ளை என்பதால் டியூப் வெள்ளையை அப்படியே அப்பியிருந்தேன். அப்புறம் மீனின் பளபளப்புக்கு அதைவிட வெளிச்சமான நிறம் எங்கே கிடைக்கும்? விரிப்பில் கொஞ்சம் கருப்பும் ஓக்கரும் சேர்த்து ஒரு படி இறக்குங்கள். சுத்த வெள்ளை மீனுக்கு மட்டும்.

4. ஐவரி பிளாக்கில் வெள்ளை கலந்தால் நீலம் தட்டிய சாம்பல் வரும். பழுப்புப் பூச்சின் மேல் அது வெள்ளியாகவே தெரியும். கெண்டையின் முதுகில் அடர்த்தியாகவும் வயிற்றில் வெளுப்பாகவும் வைத்து, ஈரத்திலேயே இரண்டையும் இழையுங்கள். செதில்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டாம். வெளிச்சம் படும் வளைவில் நாலைந்து போதும். கடைசியாகக் கெட்டி வெள்ளையில் ஒரே ஒரு தொடல். அதன் மேல் திரும்பப் பிரஷ் படக்கூடாது. இதற்கு எட்டாம் எண் தட்டைப் பன்றிமுடி பிரஷ்தான் என் தேர்வு.

பின்சேர்க்கை: விரிப்பு பச்சையடிக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். கருப்பும் ஓக்கரும் சேர்ந்தால் பச்சை தட்டும். துளி பர்ன்ட் சியன்னா சேருங்கள், அடங்கும். அந்தப் பச்சையைக் கொட்டிவிடாதீர்கள், கெண்டையின் முதுகுக்கு அருமையாகப் பொருந்தும்.

வேட்டையாடப்பட்ட பறவையை எப்படி வரைவது என்று கேட்டவர்களுக்கு: 1867-இல் ஓவியர்கள் பஸீலும் சிஸ்லியும் ஒரே செத்த நாரையை ஆளுக்கொரு ஓவியமாக வரைந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறகுக்கும் நான்காம் படியின் சாம்பலிலிருந்தே தொடங்கலாம்.