வில்லா-லோபோஸ் எட்யூட் 1: கை மாட்டிக்கிற இடங்கள்

பிரேசில்காரர் வில்லா-லோபோஸ் 1920கள்ல பாரிஸ்ல இருந்தப்ப கிட்டாருக்காக எழுதி ஸ்பானிஷ் கிட்டாரிஸ்ட் செகோவியாவுக்கு டெடிகேட் பண்ண 12 எட்யூட்ஸ்ல (பயிற்சி பீஸ்கள்) முதல் பீஸ் இது, புக்கா வந்தது 1953-லதான். ஈ மைனர் ஸ்கேல், ஒரு பார்ல (நாலு பீட் கொண்ட ஒரு சுத்து) 16 நோட்டு, கிட்டத்தட்ட எல்லா பாரும் ரெண்டு தடவை வரும், பேட்டர்னும் பெரும்பாலும் மாறாது. அதனாலயே ஈஸின்னு நெனச்சு இறங்கிடறாங்க.

முதல் தப்பு, ரெண்டு கையையும் சேர்த்தே ஆரம்பிக்கிறது. வலது கை இப்படி (பி கட்டைவிரல், ஐ ஆள்காட்டி, எம் நடுவிரல், ஏ மோதிரவிரல்): பி-ஐ-பி-ஐ, பி-எம்-ஐ-ஏ, எம்-ஏ-ஐ-எம், பி-ஐ-பி-ஐ. ஸ்ட்ரிங் நம்பர் (1 மெல்லிசு, 6 தடிப்பு) 6-4-5-3, 4-2-3-1, 2-1-3-2, 4-3-5-4. மேல ஏறும்போது பிரச்சனையே இல்ல, மூணாவது பீட்ல எம்-ஏ-ஐ-எம்னு திரும்புற இடத்துலதான் விரல் குழம்பி அவனவன் இஷ்டத்துக்கு எதையாவது போட்டு சமாளிக்கிறான். ஸ்லோவா இருக்கறவரைக்கும் அது தெரியாது, ஸ்பீடு ஏத்தினதும் அங்கயே உடையும். இடது கையை மடியில வெச்சுட்டு ஓப்பன் ஸ்ட்ரிங்ல (எதையும் அழுத்தாம) அந்த நாலு நோட்டை மட்டும் தனியா சுத்துங்க, போர்தான், ஆனா வேற வழி இல்ல.

இன்னொன்னு யாரும் கவனிக்காதது. முதல் ஸ்ட்ரிங் ஒரு பார்ல ரெண்டு தடவை வருது, எட்டாவது நோட்டும் பத்தாவது நோட்டும், ரெண்டுமே பீட்டுக்கு மேல விழாது. மோதிரவிரல் அதை ஓங்கி அடிச்சா தாளமே நகர்ந்துபோன மாதிரி கேக்கும். ரெக்கார்ட் பண்ணி கேட்டா உடனே புரியும்.

நடுவுல டிமினிஷ்ட் கார்டோட (கார்ட்னா சேர்ந்து ஒலிக்கிற நோட்டுக் கூட்டம்) விரல் ஷேப் மேல இருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டா (கழுத்துல இருக்கற கம்பிக் கட்டம்) இறங்கும் பாருங்க, பீஸோட உயிரே அதான். 5-வது ஸ்ட்ரிங்ல ரெண்டாவது விரல், 4-ல மூணாவது, 3-ல முதல் விரல், 2-ல சுண்டுவிரல், 1-வதும் 6-வதுமான ஈ ஸ்ட்ரிங் ரெண்டும் ஓப்பனா அடிச்சிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி வெச்சா சத்தம் வெட்டி வெட்டி வரும், அழுத்திக்கிட்டே இழுத்தா 4, 5 ஸ்ட்ரிங் கீச்சுன்னு கத்தும். ரெண்டுக்கும் நடுவுல, அழுத்தத்தை மட்டும் விட்டு விரல் ஸ்ட்ரிங்கை தொட்டபடியே நகரணும், பின்னாடி கட்டைவிரலும் கூடவே வரணும். இடது உள்ளங்கை ஓரம் முதல் ஸ்ட்ரிங்ல பட்டு ஓப்பன் ஈ செத்துப்போறதும் இங்கதான், அதையும் பாத்துக்கோங்க.

ரிப்பீட்டை அப்படியே ஜெராக்ஸ் எடுக்கறதும் தப்பு. முதல்ல சத்தமா, அப்புறம் சத்தம் கம்மியான்னு கடைசிவரைக்கும் மாத்தி மாத்தி வாசிக்கறது அதைவிட போர், என்னைக் கேட்டா. கார்ட் எங்க டென்ஷன் ஏறுது எங்க இறங்குதுன்னு கேட்டு, நாலஞ்சு பாரை சேர்த்து ஒரே மூச்சா கொண்டுபோங்க.

ஸ்பீடு பத்தி ஒரே வரி: போட்டிருக்கறது அலெக்ரோ நான் ட்ரோப்போ, அதாவது வேகம், ஆனா ரொம்ப இல்ல. யூட்யூப்ல பறக்கறவங்களைப் பாத்து தாளம் தட்டுற மெட்ரோனோமை ஏத்தாதீங்க. முன்கை இறுகி வலிக்க ஆரம்பிச்சா அன்னிக்கு கிட்டாரை பொட்டில வெச்சிடுங்க, தம் கட்டி வாசிச்சா டென்டன் (தசைநாண்) வீக்கத்துல போய் நிக்கும்.

ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டார்ல ட்ரை பண்ணலாமான்னு சிலர் கேக்கறாங்க. பண்ணலாம், ஆனா அதுல நட் (கழுத்து முனையில ஸ்ட்ரிங் உக்கார்ற பட்டை) அகலம் சுமார் 43 மில்லிமீட்டர், க்ளாசிக்கல்ல 52 கிட்ட. அந்த நெருக்கத்துல டிமினிஷ்ட் பகுதில ஓப்பன் ஈ சுத்தமா ஒலிக்கறது கஷ்டம்தான்.