ஒட்டுத் தெரியாமல் ஒரு மிக்-21

கால் மில்லிமீட்டர் இடைவெளி நகையில் பெரிய குற்றம். 72-இல் ஒரு பங்காகச் சிறுத்த விமானத்தில் அது இன்னும் பெரிய குற்றம். உண்மை விமானத்தின் அளவுக்கு விரித்துப் பார்த்தால் அந்த இடைவெளி 18 மில்லிமீட்டர்; கட்டைவிரல் நுழைந்துவிடும். பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி மாதிரி விமானம் செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வண்ணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் ஒட்டைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். ஒட்டு நன்றாக அமைந்தால் சுமாரான வண்ணமும் எடுபடும். ஒட்டு கோணிவிட்டால் எந்த வண்ணமும் அதை மூடாது.

மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. தாத்தா பத்தர், அப்பா பத்தர், நானும் அதே வேலைதான். பகலில் தோடும் மூக்குத்தியும் செய்கிற மேசையில் விடியற்காலையில் விமானம் செய்கிறேன். அதனால் நான் சொல்லும் முறையில் பட்டறைப் பழக்கம் கலந்திருக்கும். ஆனால் என் கருவிகள் இல்லாதவர்களும் செய்ய முடிகிறபடிதான் எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்வது மிக்-21 எஃப்எல், 1/72 அளவு. மிக்-21 நம் விமானப்படைக்கு 1963-இல் வந்தது. அந்தப் படையின் முதல் ஒலிமிஞ்சிய போர் விமானமாக வந்தது. எஃப்எல் வகையை நாசிக்கில் எச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உரிமம் பெற்றுக் கட்டியது. மிக்-21களின் கடைசி அணி 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அன்று மாலைதான் பீரோவில் வைத்திருந்த கிட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

1/72 என்றால் ஆறடி மனிதர் ஓர் அங்குலம். அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் எல்லாம் எளிது. மிக்-21இன் இறக்கை நுனிக்கு நுனி பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வரும்; உள்ளங்கையில் அடங்கிவிடும். வெள்ளெழுத்து வந்தவர்கள் 1/48 வாங்கலாம், கண்ணுக்கு நிம்மதி. இந்த விமானம் தொடக்கக்காரருக்கு ஏற்றது என்றே நினைக்கிறேன். குழாய் போன்ற உடல், முக்கோண இறக்கை, இடத்தை அடைக்காத சிறிய வடிவம். ஒரே ஒரு எச்சரிக்கை: எஃப்எல் வந்தபோது வெள்ளி உலோக நிறத்தில் வந்தது, வெள்ளி எந்தப் பிழையையும் மன்னிக்காது. 1971 போரின்போது அவற்றுக்கு மறைப்பு வண்ணம் பூசினார்கள். முதல் விமானத்தை அப்படிச் செய்யுங்கள், இரண்டாவதை வெள்ளியில் செய்யுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு பக்கம் தட்டையாக வெட்டும் சிறு கட்டர், கூரான கத்தி, சாமணம், 400 முதல் 2000 வரை எண்ணுள்ள வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள்), பிளாஸ்டிக்குக்கான மெல்லிய திரவப் பசை, சூப்பர் குளூ, ஃபெவிகால், மாஸ்கிங் டேப். சாமணத்தை மட்டும் பத்தர் சாமான் விற்கும் கடையில் வாங்குங்கள். நுனி இரண்டும் இம்மியும் பிசகாமல் சேரும், ஆயுளுக்கும் வரும். 1000-க்கு மேற்பட்ட வாட்டர் பேப்பர் கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும். நகை அரத்தைக் கொண்டுவர வேண்டாம். பிளாஸ்டிக் தூள் பல்லில் அப்பிக்கொண்டு, அரம் தேய்ப்பதற்குப் பதில் கீற ஆரம்பித்துவிடும்.

பெட்டியைத் திறந்ததும் ஒட்டத் தொடங்காதீர்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கக்கூடும். அதன்மேல் வண்ணம் நிற்காது. நாங்கள் நகை கழுவுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் நான் பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களை ஊறவைத்து மெல்லிய பிரஷால் தேய்க்கிறேன். பாத்திரம் தேய்க்கும் திரவமும் போதும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடியில் காயவைத்தால் மதுரை வெயிலில் இறக்கை வளைந்துவிடும். ஏற்கெனவே வளைந்திருந்தால், கை பொறுக்கும் அளவைவிடச் சற்று அதிகச் சூடுள்ள தண்ணீரில் சாமணத்தால் பிடித்து முக்கியெடுத்து, கண்ணாடித் தட்டின்மேல் வைத்து அழுத்தி, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் நிமிர்ந்துவிடும்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது இரண்டு வெட்டாக வெட்டுங்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, இரண்டாவது ஒட்டி. ஒரே வெட்டில் முடித்தால் பிளாஸ்டிக் பிய்ந்து பள்ளம் விழும்.

விமானி அறையை முதலில் முடித்துவிட வேண்டும். சோவியத் விமானங்களின் உட்புறத்துக்கென்றே ஒரு நீலப்பச்சை உண்டு. மயில்கழுத்துப் பட்டில் வெள்ளையைக் கலந்தது போல் இருக்கும். கருவிப் பலகையைக் கறுப்பாகத் தீட்டி, உலர்ந்த பிரஷில் துளி வெள்ளை எடுத்துத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளின்மேல் மட்டும் தடவினால் கடிகாரங்கள் எழுந்து வரும். அறையின் கண்ணாடி மூடியின் வழியாக அதற்கு மேல் தெரியாது. இங்கே வாரக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை.

அடுத்தது எடை. மிக்-21இன் சக்கரங்கள் பின்னால் இரண்டு, மூக்கின்கீழ் ஒன்று. மூக்கில் எடை இல்லாவிட்டால் விமானம் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். உடலின் இரு பாதிகளையும் இறக்கைகளையும் டேப்பால் கட்டி, பின்சக்கரம் வரும் இடத்துக்கு நேர்கீழே ஒரு பென்சிலை வையுங்கள். மூக்கின் மேல் தூண்டில் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வாருங்கள். மூக்கு தாழும் நொடியில் நிறுத்தி, இன்னும் ஒரு குண்டு சேருங்கள். நான் அவற்றைப் பொன் தராசில் நிறுத்துக் குறித்துவைப்பேன், அடுத்த முறைக்கு உதவும். ஈயத்தை மூக்குக் கூம்புக்குள்ளும் விமானி அறைக்கு முன்னும் சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். ஃபெவிகால் வேண்டாம், ஈயம் அந்தப் பசையோடு சேர்ந்து அரித்துப் பொருமும், மாதங்கள் கழித்து உடலே பிளந்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

இப்போது ஒட்டு.

திரவப் பசை, பசையே அல்ல. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. கரைந்த இரு விளிம்புகளும் கலந்து ஒன்றாகின்றன. நாங்கள் பொடி (பொன்னை இணைக்க உருக்கும் பற்றாசு) வைத்து ஊதும்போது பொன்னும் பொன்னும் பற்றிக்கொள்வது போலத்தான். அதனால் பசையைத் தடவிவிட்டுச் சேர்க்காதீர்கள். சேர்த்துப் பிடித்துவிட்டுப் பசையைத் தொடுங்கள். இரு பாதிகளையும் ஒரு மயிரிழை இடைவெளியோடு பிடித்து, பிரஷ் நுனியை இணைப்பில் ஓரிடத்தில் வைத்தால் போதும். திரவம் தானாகக் கோடு பிடித்து ஓடும். பொடி உருகி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டம் தெரியும். பத்து எண்ணுங்கள். பிறகு அழுத்துங்கள். இணைப்பு நெடுக, உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கி எழ வேண்டும். எழுந்தால் உள்ளே இடைவெளி இல்லை என்று பொருள். எழாத இடத்தில் இன்னொரு துளி. விரல் மட்டும் இணைப்புக் கோட்டின்மேல் படக்கூடாது. பட்டால் திரவம் விரலுக்கு அடியில் ஓடி, உங்கள் ரேகையை விமானத்தின் முதுகில் நிரந்தரமாகப் பதித்துவிடும்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் திரவமும் தின்னரும் தீப்பிடிப்பவை. காஸ் விளக்கு எரிகிற மேசையில் குப்பியைத் திறக்கவே கூடாது. நான் விடியற்காலை வேலையை முடித்துக் குப்பிகளை வெளியே கொண்டுபோய் வைத்து, ஜன்னல்களைத் திறந்துபோட்ட பிறகே விளக்கைப் பற்றவைக்கிறேன்.

ஒட்டியதை ஒரு நாள் முழுவதும் தொடாதீர்கள். பிறகு அந்த வரப்பை 400, 600, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தாள் விமானத்தின் வளைவோடு போக வேண்டும். ஒரே இடத்தில் தேய்த்தால் உருண்டை முதுகு தட்டையாகிவிடும். மெருகு மோட்டாரில் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று ஒருமுறை இறக்கை விளிம்பைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று நொடியில் விளிம்பு பாகாக இளகிச் சுருண்டது. பிளாஸ்டிக்குக்குக் கைதான் மோட்டார்.

தேய்த்த இடம் விரலுக்கு வழுவழுப்பாக இருப்பதை நம்பாதீர்கள். சாம்பல் ப்ரைமரை (அடிப்பூச்சை) மெல்லியதாக அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். என் முதல் வெள்ளி விமானத்தை அப்பாவிடம் கொடுத்தபோது, அவர் வைரம் பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் செருகி, மூக்கிலிருந்து வால்வரை ஒருமுறை திருப்பினார். “ஒட்டுத் தெரிகிறதே, ஐயா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூன்று வாரம் பூசிய வண்ணத்தை அன்றிரவே சுரண்டி எடுத்தேன்.

ப்ரைமரில் கோடு தெரிந்தால் அதில் சூப்பர் குளூவை ஊசி நுனியால் ஓட்டி, உலர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, சுற்றியுள்ள இடம் தேய்ந்து அது மட்டும் மேடாக நிற்கும்.

எல்லாக் கோடும் குற்றமல்ல. உண்மை விமானத்தின் தகடுகள் சேருமிடத்துக் கோடுகளை அச்சிலேயே கீறியிருப்பார்கள். அவை இருக்கத்தான் வேண்டும். முதுகைத் தேய்க்கும்போது அவையும் அழிந்துபோகும். தடித்த டேப்பை உடலைச் சுற்றி ஒட்டி, அதன் ஓரமாக ஊசியைப் படுக்கவைத்து, எடையே கொடுக்காமல் ஐந்தாறு முறை இழுங்கள். முதல் இழுப்பில் ஆழம் தேடினால் ஊசி தடம் மாறி ஓடிவிடும். செதுக்கு வேலை தெரிந்த கைக்கும் இதில் பொறுமை வேண்டும். பொன் உளியைப் பிடித்து நிறுத்தும், பிளாஸ்டிக் நிறுத்தாது.

வெள்ளி நிறத்துக்கு ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி, தேவை. முதலில் பளபளக்கும் கறுப்பு. அது எவ்வளவு கண்ணாடியாக வருகிறதோ அவ்வளவுதான் வெள்ளியும் ஜொலிக்கும். தண்ணீர் கலந்த பால் போல நீர்க்கக் கலக்குங்கள், கம்ப்ரசரின் காற்றழுத்தத்தை 15 முதல் 20 பிஎஸ்ஐக்குள் வையுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் சொல்லும் தின்னர் அளவை நம்பி நம் ஊர்க் கத்திரி வெயிலில் பிற்பகலில் அடித்தால், வண்ணம் காற்றிலேயே உலர்ந்து மணலாக வந்து படியும். எனக்குப் படிந்தது. இப்போது வண்ண வேலை எல்லாம் காலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையில்தான். உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேர்ப்பேன். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அடித்து முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடிவிடுவேன். கரி வடிகட்டி உள்ள முகமூடி இல்லாமல் லாக்கர் வகை வண்ணத்தைத் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர்மாறு: ஈரக்காற்றில் தெளிவான லாக்கர் வெண்மை பூத்துவிடும். மழை ஓயும்வரை காத்திருங்கள்.

கறுப்பு குறைந்தது ஒரு நாள் இறுகட்டும். அதன்மேல் அலுமினிய லாக்கர், பனி படிவது போல, பல மெல்லிய பூச்சுகளாக. கறுப்பு முழுக்க மறையும் முன்பே நிறுத்துவது நல்லது; உலோகத்துக்கு அந்த ஆழம்தான் அழகு. சில தகடுகளை மட்டும் டேப்பால் தனித்து, சற்று இருண்ட வெள்ளி கொடுங்கள். வால்குழாயைச் சுற்றி, சூடேறிய எஃகில் வருகிற வைக்கோல் மஞ்சளும் நீலமும் கண்ணுக்குப் புலப்பட்டும் படாமலும் இருக்கட்டும்.

அடுத்தது டீக்கால், தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்: வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை வட்டங்கள். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளையாகத் தெரியும். பளபளப்பின் மேல்தான் ஒட்ட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம், பிறகு பிரஷால் நகர்த்தி இறக்குங்கள். பழைய கிட்டின் டீக்கால் மஞ்சளித்திருந்தால், தாளைத் தெளிவான பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயிலைப் பார்த்து ஒட்டிவையுங்கள். நம் வெயிலுக்குச் சில நாளில் வெளுத்துவிடும்.

விமானி அறை மூடியை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடிப் பாகத்தை உள்ளிருந்து பனிமூட்டமாக்கும். பிறகு துடைக்க வழியில்லை.

கடைசியில் மூக்கின் மேலே நீளும் காற்றழுத்தக் குழாய். கிட்டில் வரும் பிளாஸ்டிக் குழாய் தடித்திருக்கும், சட்டை உரசினால் முறியும். நான் பித்தளைக் கம்பியைச் சூடுகாட்டி, கம்பி இழுக்கும் துளைத்தகட்டில் துளைதுளையாக இழுத்து அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவேன். இழுக்க இழுக்க அது நேராகவும் விறைப்பாகவும் ஆகும். கிட்டார் கம்பித் துண்டும் இதற்கு நன்றாக உதவும். மூக்கில் ஊசியால் துளையிட்டு, சூப்பர் குளூ தொட்டுச் செருகுங்கள். முன்னிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, வால் துடுப்பும் கம்பியும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று சரிபார்த்து, பசை பிடிக்கும்வரை கையை எடுக்காதீர்கள்.