கோழியும் காய்கறிப் பாத்தியும்: இரண்டையும் இணைத்துத் தொடங்கும் முறை

வீட்டுத் தோட்டத்தில் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கோழிகளை வாங்கிவிட்டு, பிறகு கூண்டைப் பற்றியும், அதற்கும் பிறகு எருவைப் பற்றியும் யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் எருக்குவியலுக்கு இடம், அடுத்துப் பாத்தி, கடைசியில்தான் கோழி. நான்கு பெட்டைக்கோழிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ எச்சமிடும். அதற்கென ஓர் இடம் தயாராக இல்லாவிட்டால் நாற்றமும் ஈக்களும் பெருகிவிடும். தயாராக இருந்தால், அதே எச்சம் தோட்டத்தின் உரத்தேவையில் பெரும்பகுதியை நிறைவேற்றிவிடும்.

தன்னிறைவைப் பற்றிய எதிர்பார்ப்பையும் தொடக்கத்திலேயே சரிசெய்துகொள்வது நல்லது. முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் உண்ணும். நான்கு கோழிகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 145 முதல் 175 கிலோ வரை தேவைப்படும். சிறிய தோட்டம் அந்த அளவு தானியத்தை விளைவிக்காது. எனவே தீவனத்தை வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டும். உரம், முட்டை, காய்கறி ஆகியவற்றில்தான் நமக்குத் தற்சார்பு கிடைக்கும்.

முதல் படி: இடம் தேர்தல்

குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்க அனுமதி உண்டா, எத்தனை வளர்க்கலாம் என்பதை உள்ளூர் நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் படும் இடத்தைப் பாத்திகளுக்கும், நிழல் விழும் மேட்டுப் பகுதியைக் கூண்டுக்கும் ஒதுக்குங்கள். எருக்குவியல் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சுமக்கும் தூரம் குறையும். கூண்டில் இருந்தும் குவியலில் இருந்தும் வழியும் மழைநீர் பாத்திக்கோ கிணற்றுக்கோ செல்லாதபடி சரிவைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பாத்தி

பாத்தியின் அகலம் நான்கு அடியைத் தாண்ட வேண்டாம். அப்போதுதான் உள்ளே மிதிக்காமல் இருபுறமிருந்தும் கை எட்டும். முதல் பருவத்தில் கீரை, முள்ளங்கி, பீன்ஸ், தக்காளி போன்ற சில பயிர்களே போதும். நான்கு அடி உயர வேலியை இப்போதே போட்டுவிடுங்கள். கோழிகள் நாற்றைத் தின்பதை விட, மண்ணைக் கிளறி வேரோடு சாய்ப்பதால் ஏற்படும் இழப்பே பெரிது.

மூன்றாம் படி: கூண்டு

ஒரு கோழிக்குக் கூண்டுக்குள் நான்கு சதுர அடியும், வெளியே உலவும் அடைப்பில் பத்துச் சதுர அடியும் தேவை. நான்கு கோழிகளுக்கு முட்டையிடும் பெட்டி ஒன்று போதும். இரவில் உட்காரும் குறுக்குக் கட்டையை அந்தப் பெட்டியை விட உயரத்தில் அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழிகள் பெட்டிக்குள் உறங்கி அதை அசுத்தமாக்கிவிடும். காற்றோட்டத்திற்கான திறப்புகள் கூரையை ஒட்டி இருக்கட்டும். மெல்லிய அறுகோணக் கண்ணிக் கம்பிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, வேட்டையாடும் விலங்கை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணியுள்ள பற்றவைத்த வலையை வாங்கி, சுற்றிலும் ஓரடி ஆழத்திற்கு மண்ணில் புதைத்துவிடுங்கள்.

நான்காம் படி: ஆழ்கூளம்

கூண்டையும் தோட்டத்தையும் இணைப்பது இந்தக் கூளம்தான். கூண்டின் தரையில் காய்ந்த இலை, நறுக்கிய வைக்கோல், மரச்சீவல் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதை ஆறு அங்குல உயரத்திற்குப் பரப்புங்கள். வர்ணம் பூசிய மரத்தின் சீவலும் இரசாயனம் ஏற்றிய மரத்தின் சீவலும் வேண்டாம். கோழி எச்சத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. அது ஈரத்தில் சிதையும்போதுதான் அம்மோனியா வெளிப்பட்டு மூக்கை நெருடுகிறது. காய்ந்த கூளம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதோடு, அந்தத் தழைச்சத்தைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்களுக்குக் கரிமச்சத்தையும் (கார்பன்) தருகிறது. தானியத்தைச் சிறிது தூவினால் கோழிகளே கூளத்தைக் கிளறிவிடும். குனிந்து முகர்ந்தால் அம்மோனியா தெரிகிறதென்றால், புதுக்கூளம் சேர்க்க வேண்டும் அல்லது நனைந்த பகுதியை அகற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: மட்க வைத்தல்

புதிய கோழி எருவை நேரடியாகச் செடிக்கு இடக் கூடாது. அது வேரைக் கருக்கும். சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகளும் அதில் இருக்கக்கூடும். எச்சம் கலந்த கூளத்தைக் கூண்டிலிருந்து எடுத்து, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் குறைந்தது மூன்றடி உள்ளதாகக் குவியுங்கள். அதற்கும் சிறிய குவியலில் வெப்பம் தங்காது. எச்சம் மிகுந்திருந்தால் ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலையைச் சேர்க்கலாம். பிழிந்த துணியைப் போன்ற ஈரம் இருந்தால் போதும். குவியலின் நடுவெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை உயர வேண்டும். அந்த வெப்பம் 15 நாட்களாவது நீடிக்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை, வெளிப்புறம் உட்புறமாக வரும்படி புரட்ட வேண்டும். நீண்ட வெப்பமானி ஒன்றை வாங்குவது வீண்செலவாகாது. சூடு தணிந்த பின்னர் இரண்டு மூன்று மாதங்கள் ஆறவிட்டால், கருமையும் மண்வாசனையும் கொண்ட மட்கு கிடைக்கும்.

பாத்தியில் இடுவதற்கு முன் ஒரு தொட்டியில் மட்கும் மண்ணும் கலந்து பீன்ஸ் விதை ஊன்றிப் பாருங்கள். இலைகள் சுருண்டு முறுக்கிக்கொண்டால், வைக்கோலில் களைக்கொல்லி எஞ்சியிருக்கக்கூடும். சில களைக்கொல்லிகள் மட்கிய பின்னும் அழிவதில்லை. நல்ல மட்காக இருந்தால் பருவத்திற்கு ஓரங்குல அளவு பரப்பி மேல்மண்ணோடு கலந்தால் போதும். கோழி எருவில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகுதி என்பதால், ஆண்டுதோறும் அளவுக்கு மீறி இட்டால் அது மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

ஆறாம் படி: கோழிகளைக் கொண்டுவருதல்

குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 35 டிகிரி அளவிலான வெப்பம் தர வேண்டியிருப்பதால், புதியவர்கள் 16 வாரம் கடந்த இளங்கோழிகளை வாங்குவது எளிது. முட்டைக்குச் சேவல் தேவையில்லை. முட்டையிடத் தொடங்கியதும் 16 சதவீதப் புரதமுள்ள முட்டைக்கோழித் தீவனம் கொடுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். சமையலறைக் கழிவும் தோட்டக் கழிவும் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, வேகாத உலர் பீன்ஸ், அவகாடோவின் தோலும் கொட்டையும், பூஞ்சை பிடித்த உணவு ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது.

ஏழாம் படி: அறுவடை முடிந்த பாத்தியில் கோழி

அறுவடை முடிந்த பாத்தியில் கோழிகளை ஓரிரு வாரங்கள் விட்டால், களை விதைகளையும் புழுக்களையும் தேடித் தின்று, எஞ்சிய பயிரையும் கிளறிவிடும். ஆனால் அப்போது அவை இடும் எச்சம் மட்காத எருவே. கோழிகளை வெளியேற்றிய நாளைக் குறித்துக்கொண்டு, மண்ணைத் தொட்டு வளரும் கீரை, முள்ளங்கி போன்றவற்றின் அறுவடைக்குக் குறைந்தது 120 நாட்களும், கொம்பு ஊன்றி உயர்த்திக் கட்டும் தக்காளி போன்றவற்றுக்கு 90 நாட்களும் இடைவெளி விடுங்கள். கீரையைச் சீக்கிரம் விதைக்க நினைக்கும் பாத்தியில் கோழிகளை விடாமல், நன்கு மட்கிய எருவை மட்டும் இடுங்கள்.