புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த குழந்தையின் பற்களையும் முகத்தையும் கவனிக்கும் முறை

பல் மருத்துவரைப் பார்க்குமுன், எந்த வயதில் எந்த மருந்துகள் செலுத்தப்பட்டன, தலைக்கோ கழுத்துக்கோ எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு தரப்பட்டது என்ற விவரத்தைச் சிகிச்சை தந்த மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் சிகிச்சை முடித்துவிட்டுத் தாராபுரத்திலோ கோபியிலோ பல் பார்ப்பவர்களுக்கு இந்தத் தாள்தான் முதல் தேவை.

நிரந்தரப் பற்கள் தாடை எலும்புக்குள் உருவாகும் பருவத்தில், குறிப்பாக 5 வயதுக்கு முன், சிகிச்சை பெற்றிருந்தால் சில பற்கள் முளைக்காமலோ, சிறுத்தோ, வேர் குட்டையாகவோ, எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) குறைபட்டோ அமையலாம். வேரின் குறை வெளியே தெரியாது. ஆகவே கம்பி கட்டுமுன் தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அழகுக்காக அவசரப்பட்டு நகர்த்தினால் குட்டை வேர்ப் பல் ஆட்டம் காணக்கூடும்.

கதிர்வீச்சு பட்ட பக்கத்தில் தாடை வளர்ச்சி குன்றி முகம் ஒருபுறம் சிறுப்பது, பிள்ளை வளர வளரத்தான் புலப்படும். ஆண்டுதோறும் நேர்முகப் புகைப்படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

கதிர்வீச்சால் உமிழ்நீர் குறைந்தால் சொத்தை விரைவில் பரவும் என்பதால் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். ஃபுளோரைடு பூச்சு உதவும்; ஆனால் சேலம், தருமபுரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் குடிப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனெனில் ஃபுளோரைடு மிகுந்த நீரால் வரும் கறையைச் சிகிச்சையின் விளைவு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

கதிர்வீச்சு பட்ட தாடையில் பல் பிடுங்க நேர்ந்தால், எலும்பு ஆறாமல் போகக்கூடும் என்பதால், புற்றுநோய் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.