அட்டிக்கில் கேஸ் பர்னஸைப் படுக்கவைப்பது எப்படி?

டெக்சாஸ் பக்கம் நிலவறை உள்ள வீடுகள் குறைவு. அதனால் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பர்னஸ் பல வீடுகளில் கூரைக்கடியில், அட்டிக்கில் படுத்துக் கிடக்கும். புதியவர்கள் கேஸைக் கண்டு பயப்படுவார்கள். என்னைக் கேட்டால், படுத்த பர்னஸில் படுத்துவது தண்ணீர்தான்.

முதலில் பெர்மிட். கேஸ் வேலையை உரிமம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, அளவு. அட்டிக் வாசல் குறைந்தது 20க்கு 30 அங்குலம், நடைபாதை 24 அங்குல அகலம், பர்னஸுக்கு முன்னால் 30க்கு 30 அங்குல மேடை வேண்டும். பெட்டி அந்த வாசலில் நுழையுமா என்று தூக்குவதற்கு முன்பே பாருங்கள்!

எல்லா பர்னஸும் படுக்காது. படுக்கவைக்கலாம் என்று மேனுவலில் இருந்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்க்கலாம். மல்லாக்கப் போடவே கூடாது.

இப்போது தண்ணீர். 90 சதவீதத்துக்கு மேல் திறனுள்ள பர்னஸ், புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது அமிலத் தண்ணீர். அது இரும்பையும் செம்பையும் அரிக்கும் என்பதால் பிவிசி குழாய்தான் சரி. படுக்கவைத்தால் பல மாடல்களில், தண்ணீர் தேங்கி நிற்கும் ‘டிராப்’ என்ற வடிகால் பகுதி, பர்னஸ் பெட்டிக்குக் கீழே தொங்கும். பலகைமேல் அப்படியே கிடத்திவிட்டால் டிராப்புக்கு இடமிருக்காது. அப்புறம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். முன்பக்கம் எவ்வளவு தாழ வேண்டும் என்பதை மேனுவலைப் பார்த்து, ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள். பிவிசி புகைக்குழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம் பர்னஸை நோக்கிச் சரிய வேண்டும். பர்னஸை ஓட்டும் முன் டிராப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். டெக்சாஸில் 2021 பிப்ரவரியில் குழாய்களை உறையவைத்த குளிரை அனுபவித்தவர்களுக்கு, இந்த வடிகால் குழாய்க்கு ஏன் உறை சுற்ற வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் கசியலாம். அதற்குத்தான் அடியில் ஒரு தட்டு. தண்ணீர் ஏறினால் பர்னஸை நிறுத்தும் மிதவை சுவிட்சும் அதில் இருக்கட்டும். தட்டின் குழாயை வீட்டுக்கு வெளியே ஜன்னலுக்கு மேலே, கண்ணில் படும் இடத்தில் விடுங்கள். அங்கே சொட்டினால் மேலே ஏதோ கோளாறு.

கேஸ் குழாயில் அடைப்பு வால்வும் தூசு தேங்கும் கிளையும் உண்டா, இணைப்புகளில் சோப்பு நுரை போட்டுக் கசிவு சோதித்தாரா என்று கேஸ் வேலை செய்தவரிடம் கேளுங்கள். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

ஓட்டிப் பார்த்து அரை மணி கழித்து டார்ச்சோடு மேலே ஏறுங்கள். தட்டு காய்ந்திருந்தால் ஏணியை மடக்கலாம்.