வெறுங்கை பார்பேரியன்: சப்கிளாஸ் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

"கோடாரியெல்லாம் வேண்டாம், கையாலேயே அடிக்கிற பார்பேரியன் வேண்டும்" என்று எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) மேசையில் இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பார்பேரியன் என்பது அதில் கோபவெறியோடு சண்டை போடும் வீரர் வகை. மூவரும் சொந்தமாக ஒரு சப்கிளாஸ், அதாவது அந்த வகைக்குள் ஓர் உட்பிரிவு, எழுதிக்கொண்டு வந்தார்கள். ஆட்டத்தை நடத்தும் டிஎம் என்ற முறையில் மூன்றையும் படித்துத் திருத்தினேன். நான்காவதை நானே எழுதினேன். இருந்ததிலேயே மோசமானது அதுதான், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

எல்லோரும் முதலில் தடுக்குவது குத்து பற்றிய விதியில்தான். 2014 விதிகளில் வெறுங்கைக் குத்தின் டேமேஜ் (எதிரிக்கு ஏற்படும் சேதம்) 1 கூட்டல் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் (உடல் வலிமைக்கான கூட்டல் எண்). பகடையே கிடையாது. அதனால் கிரிட்டிகல் (பகடைச் சேதம் இரட்டிக்கும் உச்ச அடி) விழுந்தாலும் இரட்டிப்பாக்க எதுவுமில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு: குத்து என்பது ஆயுதம் அல்ல, ஆனால் குத்துவது ஆயுதத் தாக்குதலாகக் கணக்கில் வரும். ரேஜ் (பார்பேரியனின் கோபவெறி நிலை) தரும் கூடுதல் டேமேஜ் ஆயுதத் தாக்குதலுக்கு என்றுதான் எழுதியிருக்கிறது, ஆகவே குத்துக்கும் ஏற்கெனவே சேர்கிறது. இதைக் கவனிக்காமல் "ரேஜ் போனஸ் உன் குத்துக்கும் பொருந்தும்" என்று ஒரு தனித் திறனையே எழுதி வந்தார் ஒருவர். இருப்பதையே திரும்பக் கொடுத்து, சப்கிளாஸ் தொடங்கும் 3வது லெவலை வீணாக்கிவிட்டார். ஆனால் 9வது லெவலில் வரும் புரூட்டல் கிரிட்டிகல் (கிரிட்டிகலில் கூடுதல் பகடை தரும் திறன்) ஆயுதத்தின் பகடையைப் பற்றிப் பேசுகிறது. கைக்குக் கொடுக்கும் பகடையும் அதில் சேருமா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லையென்றால் நடுச்சண்டையில் வாக்குவாதம் வரும். 2024ல் வந்த திருத்திய விதிகளில் ரேஜிலேயே குத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள், அந்தக் குழப்பம் போயிற்று.

அடுத்தது பகடையின் அளவு. கோடாரி டி12 (12 முகப் பகடை) என்றால் கைக்கும் டி12 கொடுக்கலாமே என்று தோன்றும். அதோடு போனஸ் ஆக்ஷனில் (சுற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் கூடுதல் செயல்) இன்னொரு குத்தும் சேர்ப்பார்கள், அங்கேதான் கணக்கு உடைகிறது. 5வது லெவலில் ஸ்ட்ரெங்த் 18 (மாடிஃபையர் 4), ரேஜ் போனஸ் 2 என்று வையுங்கள். பெரிய வாளின் 2டி6க்குச் சராசரி 7, ஆக ஓர் அடிக்கு 13. இரண்டு அடி, மூன்று சுற்று, எல்லாம் பட்டால் 78. இப்போது டி6 கை: ஒரு குத்துக்கு 9.5. முதல் சுற்றில் போனஸ் ஆக்ஷன் ரேஜுக்குப் போய்விடும், அதனால் இரண்டே குத்து, 19. மற்ற இரண்டு சுற்றிலும் மும்மூன்று குத்து. மொத்தம் 76. வெறும் டி6லேயே பெரிய வாளைத் தொட்டுவிட்டோம். டி8 ஆக்கினால் 84. டி12 எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதுவும் 3வது லெவலில், எல்லோருக்கும் ஒரே அடி இருக்கும்போது, கூடுதல் குத்து இன்னும் பெரிதாகத் தெரியும். பழைய பெர்சர்க்கருக்கு (2014 விதிகளின் ஒரு பார்பேரியன் சப்கிளாஸ்) அந்த லெவலிலேயே கூடுதல் அடி கிடைத்தது உண்மைதான், ஆனால் ரேஜ் முடிந்ததும் களைப்பு என்ற விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. விலை எதுவும் வைக்கவில்லையென்றால் கூடுதல் குத்தை 6வது லெவலுக்குத் தள்ளுங்கள்.

சரி, என் கதை. அதிகமாகக் கொடுத்துவிடக் கூடாது என்று பயந்து, பகடை ரேஜில் மட்டும்தான் என்று எழுதினேன். மாங்க் (கைச்சண்டைத் துறவி வகை) ஆடுகிற யாரும் இதில் மூன்று லெவல் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாதே என்பதும் ஒரு காரணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 3வது லெவலில் நீண்ட ஓய்வுக்கு ஓய்வு மூன்று ரேஜ்தான். நான்காவது சண்டையில் அந்த ஆட்டக்காரர் ஒரு குத்துக்கு 4 டேமேஜோடு நின்றார். கடைசியில் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தூக்கி அடித்தார், கையில் கிடைத்த பொருளுக்குக்கூட விதிப்படி டி4 உண்டே! கையால் அடிப்பதற்கென்றே பிறந்தவன் நாற்காலியை நம்பினால் அந்த சப்கிளாஸ் எதற்கு? இப்போது எப்போதும் டி6, ரேஜில் இரண்டு கையும் காலியாக இருந்தால் டி8 என்று மாற்றிவிட்டேன்.

அந்தக் "காலியாக இருந்தால்" என்பதை விட்டுவிடாதீர்கள். கவசமில்லாத பார்பேரியனுக்குக் கேடயம் தடையில்லை. ஒரு கையால் குத்திக்கொண்டே இன்னொரு கையில் கேடயம் பிடித்து ஏசியில் (அடி படாமல் காக்கும் எண்) 2 ஏற்றிக்கொள்வார்கள். ஃபைட்டர் என்ற வீரர் வகையின் வெறுங்கை ஸ்டைலும் இதே நிபந்தனையைத்தான் வைத்திருக்கிறது.

மாங்க்கைப் பார்த்துக் காப்பியடிப்பது இன்னொன்று. கீ பாயின்ட் (மாங்க் செலவழிக்கும் ஆற்றல் புள்ளி) மாதிரி ஒரு சேமிப்பு, விஸ்டம் (ஞானம்) சார்ந்த டிசி (எதிரி தப்பிக்க எட்ட வேண்டிய எண்), அடிக்கு அடி மயக்கம் என்று வரிசையாக வரும். பார்பேரியனிடம் செலவழிக்க ரேஜ் இருக்கிறது, டிசிக்கு ஸ்ட்ரெங்த் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஆனால் மாங்க்கிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்தே ஆக வேண்டும், அதைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள்: 6வது லெவலில் குத்து மாயத் தாக்குதலாகக் கணக்கிடப்படும் என்ற வரி. 2014 அரக்கர்களில் பலருக்கு மாயமில்லாத அடி பாதிதான் ஏறும். வாள்காரர் மாய வாள் வாங்கிக்கொள்வார், கைக்காரர் என்ன செய்வார்?

இத்தனையும் டேமேஜ் பேச்சு. எனக்குக் கேட்டால், ஆயுதத்தைக் கீழே போட்டதற்கு டேமேஜில் ஈடு தேடுவதே பாதித் தப்பு. கோடாரிக்காரருக்கு இல்லாதது இவரிடம் ஒன்று இருக்கிறது, காலியான கை. பிடிக்கலாம், இழுக்கலாம், ஒருவனைத் தூக்கி இன்னொருவன் மேல் எறியலாம். திறனை அங்கே எழுதுங்கள். குத்து பட்டால் சுற்றுக்கு ஒருமுறை கிராப்பிளும் (எதிரியைப் பிடித்து வைப்பது) செய்யலாம் என்று வைத்தாலே மேசை கலகலக்கும்.

எழுதும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 2014ல் கிராப்பிள் அத்லெடிக்ஸ் (உடல்திறன்) போட்டி, ரேஜில் அதற்கு அட்வான்டேஜ் (இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) உண்டு. 2024ல் எதிரி சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் பகடை) போடுகிறார், உங்கள் ரேஜ் பிடிக்கும் நேரத்தில் உதவாது. எந்த விதிக்கு எழுதுகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் அதே திறன் ஒரு மேசையில் பிரமாதமாகவும் இன்னொன்றில் உப்புச்சப்பில்லாமலும் இருக்கும். அப்புறம், "ஆக்ஷனைச் செலவழித்துப் பிடித்தவனை நசுக்கலாம்" என்று எழுதாதீர்கள். 2014ல் உங்கள் டர்ன் முடியும்போது, கடந்த டர்னிலிருந்து நீங்கள் எதிரியைத் தாக்கியிருக்கவில்லை, அடியும் வாங்கவில்லை என்றால் ரேஜ் அணைந்துவிடும். ஆசையாக நசுக்கினவர் கோபம் தணிந்து நிற்பார். ஒரு தாக்குதலுக்குப் பதிலாக நசுக்கலாம் என்று எழுதினால் மற்ற அடி மிஞ்சும், ரேஜும் நிற்கும்.

உங்களைவிட ஒரு அளவு பெரியவர் வரைக்கும் மட்டுமே பிடிக்கலாம் என்ற வரம்பு 10வது லெவல் வாக்கில் கடிக்க ஆரம்பிக்கும், எதிரிகள் மலை மாதிரி வருவார்கள். அந்த லெவல் திறனில் வரம்பை ஒரு படி தளர்த்துங்கள். 14க்கு என்ன வேண்டுமானாலும் வையுங்கள், பெரும்பாலான ஆட்டங்கள் அதுவரை போவதில்லை. ஒத்திகையில் மட்டும் பறக்கிற எதிரி ஒன்றைக் கட்டாயம் இறக்குங்கள். எங்கள் நாற்காலிக்காரர் அதைப் பார்த்து ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஈட்டி வைத்துக்கொள்ளலாமா?" என்றார். வைத்துக்கொள்ளட்டும், எறிந்த பிறகு கை காலிதானே.